சந்து பாடிவிட்ட பாட்டு

எர்சீலியோ கஃபியேரோவைப் பெரிய இசையமைப்பாளர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருடைய குழுவில் இரண்டாம் வயலின் வாசித்தவன் நான். நேப்பிள்ஸில் ஒரே சந்தில் குடியிருந்தோம். அங்கே எல்லாரும் அவரை மாயெஸ்ட்ரோ, அதாவது இசை வாத்தியார், என்றுதான் கூப்பிடுவார்கள். ஊமைப்படக் கொட்டகையிலும் கல்யாண விருந்துகளிலும் பியானோ வாசித்து, தலை நரைத்த பிறகு வானொலிக்காக ஓர் இசைக்குழுவை நடத்தும் வேலைக்கு வந்தவர். அவர் எழுதிய பாட்டுகளைக் கேட்டவர்கள் மறுநாளே மறந்தார்கள். அது அவருக்கும் தெரியும்.

அந்த ஆண்டு அவருடைய பாட்டொன்று நகரத்துப் பாட்டு விழாவுக்குத் தேர்வானது. மேடையில் தானே நடத்த வேண்டும் என்று தவித்துக்கொண்டிருந்தார். விழாவுக்கு ஒரு விதி உண்டு: அதற்கு முன் அந்தப் பாட்டை வெளியே யாரும் பாடியிருக்கக் கூடாது.

விழாவன்று காலை நாங்கள் காபி குடிக்க இறங்கினோம். மீன்காரன் சபாத்தினோ கணவாய் மீனைக் கழுவிக்கொண்டே அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தான். கஃபியேரோவின் முகம் வெளுத்தது.

"யாருடா உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"நீங்கதான் மாயெஸ்ட்ரோ! ஜன்னலைத் திறந்து வெச்சுக்கிட்டு மாசக்கணக்கா அதையே தட்டினா?"

மாடியில் துணி உலர்த்திய நுன்சியாத்தா எட்டிப் பார்த்தாள். "அவன் ரெண்டாவது அடியைக் கொலை பண்றான். நான் பாடட்டுமா?"

"யாரும் பாடாதீங்க! விழாச் செயலாளர் இப்ப என்னைக் கூட்டிட்டுப் போக வர்றார். அவர் காதுல விழுந்தா என் பாட்டு போச்சு!"

சந்து வாயை மூடியது. பேச்சைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஒரு மெட்டு எந்த நொடியில் ஊருடையதாகிறது என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அன்று யோசிக்க நேரமில்லை. செயலாளர் பெர்ரெத்தி வந்துவிட்டார். வந்தவர் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"என்னப்பா, சந்தே அடங்கிக் கிடக்கு? யாராச்சும் போயிட்டாங்களா?"

பயத்தில் சபாத்தினோ முந்திக்கொண்டான். "ஆமாங்கய்யா. மாயெஸ்ட்ரோவோட மாமியாருங்க."

கஃபியேரோ வாயைத் திறந்தார். மறுத்தால் அந்த அமைதிக்கு வேறு காரணம் சொல்ல வேண்டும். தலையைக் குனிந்துகொண்டார். பெர்ரெத்தி தொப்பியைக் கழற்றி அவரைக் கட்டிக்கொண்டார்.

"துக்கத்தோட எப்படிங்க மேடையேறுவீங்க? ஊர் என்ன சொல்லும்? வீட்டுல இருங்க. உங்க பாட்டை வேற ஒருத்தர் தன் குழுவை வெச்சு நடத்துவார்."

எங்கள் ஊரில் சாவு விழுந்த வீட்டுக்காரன் இசையைத் தொடுவதில்லை.

மாலையில், விழாவை ஒலிபரப்பிய வானொலிப் பெட்டியின் முன் அவர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் இருந்தார். பாட்டு தொடங்கியது. முன்பின் தெரியாத எவனோ அதை விரட்டிக்கொண்டு ஓடினான். "மெதுவா... மெதுவாடா பாவி," என்று கஃபியேரோ காற்றில் கையசைத்தார். குரலும் வாத்தியங்களும் அவருக்கு அடங்கவில்லை.

அப்போதுதான், ப்ரோசிதாத் தீவில் மகன் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் அசுந்தா உள்ளே வந்தாள். தான் செத்த சேதியைச் சந்து முனையிலேயே கேட்டிருந்தாள். கூடையைத் தரையில் வைத்தாள்.

"உசிரோட இருக்கறவளைக் கொன்னுட்டீங்களே மாப்பிள்ளை. பாட்டாவது பொழைச்சுதா?"

பெட்டிக்குள் கைதட்டல் கேட்டது. அது பாட்டுக்கா, வேகத்துக்கா என்று தெரியாமல் அவர் பெட்டியில் காதை ஒட்டிவைத்தார்.