எக்ஸ்ரேக்காரர் கேமரா பார்த்த கதை

என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே என்றுதான் பெயர். பெரிய டாக்டரிலிருந்து தரை துடைப்பவர் வரை, "எக்ஸ்ரே வந்தாச்சா, எக்ஸ்ரே சாப்பிடப் போயாச்சா" என்றுதான் கேட்பார்கள். இருபத்திரண்டு வருடமாக ஊரார் எலும்பைப் படம் எடுப்பவர். சொந்தப் பெயரில் யாராவது கூப்பிட்டால் இரண்டாம் முறைதான் திரும்பிப் பார்ப்பார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். வாஷிங் மெஷின் வாங்கப் போன இடத்தில் பின்பக்கத் தகட்டைக் கழற்றச் சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்தார், நான் விலைச்சீட்டைப் படிப்பதுபோல் குனிந்துகொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் என்னை ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்காமல் விட்டது என் அதிர்ஷ்டம் என்று இப்போதும் சொல்வேன். அவர் சிரிக்க மாட்டார். அந்த யோசனை அப்போது ஏன் வரவில்லை என்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பார்.

இப்படிப்பட்டவரிடம் எங்கள் மகள் சிட்டு கேமரா கேட்டாள். பதினாறு வயது. என் பழைய போனில்தான் அதுவரை படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அதன் லென்ஸில் கீறல் விழுந்து, எடுத்த படத்திலெல்லாம் ஒரு கோடு வரும். பேருந்தில் தூங்குகிறவர்கள், கொடியில் காயும் சட்டைகள், என் மருந்துக்கடையில் வரிசையில் நிற்பவர்களின் முதுகு என்று எதையாவது எடுப்பாள். அப்படி என்ன இருக்கிறது இதில் என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஆனால் ஒன்று. எதையும் ஒரு மாதத்தில் கைவிடுகிற பெண் இதை ஒன்றரை வருடமாக விடவில்லை. அதனால்தான் அவருக்குப் பயம் பிடித்தது. தப்பான கேமராவை வாங்கிக் கொடுத்தால், படம் சரியாக வராமல் போய், அவள் அலுத்து ஒதுக்கிவிடுவாளோ என்று.

இரண்டு மாதம் வீட்டில் வேறு பேச்சில்லை. புதிதா, பழையதா? சின்னதா, பெரியதா? ஒரு நாள் கை ஒடிந்து வந்த போட்டோகிராபர் ஒருவரைப் படுக்க வைத்துக்கொண்டு, "தொடக்கத்துக்கு எந்த லென்ஸ் நல்லதுங்க?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "முதல்ல கைய பாருங்க சார்" என்றாராம். இதையும் வந்து என்னிடம் குறையாகத்தான் சொன்னார்.

கடைசியில் கடைத்தெரு ஸ்டூடியோக்காரர்தான் ஒரு வழி சொன்னார். அவர் கண்ணாடி அலமாரியில் புதிய கேமராக்களோடு பழையவையும் இருக்கும். சிட்டுவின் கண் அதில் ஒரு பிலிம் கேமராவின் மேல் விழுந்தது. "ரெண்டு வாரம் வெச்சு ஓட்டிப் பாருங்க. பிடிச்சா எடுத்துக்கங்க, இல்லன்னா திருப்பிக் குடுத்துருங்க" என்று ஒரு பிலிம் ரோலையும் உள்ளே போட்டுக் கொடுத்தார். முப்பத்தாறு படம்.

"இந்தக் காலத்துல போய் இது எதுக்கு கண்ணு?" என்று கேட்டார் இவர்.

"எடுத்த உடனே யாரும் காட்டு காட்டுன்னு பிடுங்க மாட்டாங்கப்பா" என்றாள் சிட்டு.

ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று என்று கஞ்சத்தனமாக எடுத்தாள். அவள் ஒவ்வொரு படத்துக்கும் பிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது உள்ளே 'கிர்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் இவர் தூக்கத்தைக் கெடுத்தது. "உள்ள ஏதோ பல்சக்கரம் தேஞ்சிருக்கு. ஸ்டூடியோக்காரன் நம்ம தலையில கட்டப் பாக்கறான்" என்றார். நான் கேட்டும் கேட்காதவளாக இருந்தேன். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் வாரம் புதன்கிழமை, சிட்டு பள்ளிக்கூடம் போன பிறகு, கேமராவைச் சாப்பாட்டுப் பையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். மதியம் ஆள் இல்லாத நேரத்தில் அதை மேஜையில் கிடத்தி எக்ஸ்ரே எடுத்தார். முதல் படத்தில் இரும்புதான் வெள்ளையாகத் தெரிந்தது. கதிரின் அளவை ஏற்றி இன்னொன்று எடுத்தார். இன்னும் ஏற்றிப் பக்கவாட்டில் மூன்றாவது. இந்த முறை திரையில் எல்லாம் துல்லியமாக வந்தது. திருகு, சுருள்கம்பி, பல்சக்கரம், ஒரு பல்கூட உடையவில்லை. மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு ஓரத்தில் பார்த்திருக்கிறார். வட்டமாக ஒரு டப்பா, மறுபக்கம் சுற்றிச் சுற்றி ஒரு சுருள்.

பிலிம். கதிர் பட்டால் வீணாகிவிடும் பிலிம்.

வேறு யாராவது செய்திருந்தால் தெரியாமல் செய்தார்கள் என்று விடலாம். இவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எக்ஸ்ரேயே பிலிமில்தான். ஈயத் தகடு அடித்த அலமாரியில் பிலிம் பெட்டிகளைப் பூட்டி வைத்துக் காவல் காத்தவர். ஒரு பெட்டியை வெளியே மறந்து வைத்ததற்காக, தன்னோடு வேலை செய்தவரை ஒரு மாதம் பேசாமல் ஒதுக்கியவர். அப்புறம் எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கு மாறி, பதினைந்து வருடமாகப் பிலிமைத் தொடாததில், கதிர் பட்டால் அது கெடும் என்பதே அவருக்கு மறந்துபோய்விட்டது.

எனக்குப் போன் செய்தார். பில் போட்டுக்கொண்டே எடுத்தேன்.

"உள்ள ரோல் இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான். மீதியை நான் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

"ஏர்போர்ட்ல பையெல்லாம் எக்ஸ்ரேக்குள்ள போகுதே, ஒண்ணும் ஆகியிருக்காதுங்க."

"அது தூறல். நான் மூணு குடம் கவுத்திருக்கேன்."

"சாயங்காலம் அவகிட்ட எதுவும் சொல்லிக் கலவரப்படுத்தாதீங்க. மொதல்ல கழுவிப் பாப்போம்."

இதை நான்தான் சொன்னேன். பழியை அவர் மேல் மட்டும் போட எனக்கு வாய் வரவில்லை, போட்டால் நியாயமும் இல்லை. கடையில் காத்திருந்த ஓர் அம்மாவுக்கு மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுத்தேன்.

அன்று மாலை கேமரா பழைய இடத்துக்கே வந்துவிட்டது. சிட்டு அதை எடுத்து, எத்தனை படம் ஆனது என்று காட்டும் எண்ணைப் பார்த்தாள். "இன்னும் பதினொண்ணு இருக்கு. நாளைக்கு ஊசிக்கு மட்டும்" என்றாள்.

ஊசி எதிர்வீட்டுப் பெண், சிட்டுவின் உயிர்த்தோழி. ஒல்லி என்பதால் அந்தப் பெயர். முன்பல் இரண்டும் துருத்தியிருக்கும். சின்ன வயதில் வகுப்புப் படத்தைப் பார்த்து யாரோ கேலி செய்ததிலிருந்து, படம் என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள், சிரித்தாலும் வாயைக் கையால் மூடிக்கொண்டுதான். அவள் அம்மாவுக்கு வேலை மாற்றலாகி, வெள்ளிக்கிழமை வீட்டையே காலி செய்துகொண்டு போகிறார்கள். இந்தக் கேமராவில் என்றால் சரி, யாரும் உடனே பார்க்க முடியாதே என்று அவளே ஒத்துக்கொண்டாளாம்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் மொட்டை மாடிக்குப் போனார்கள். நாங்கள் கீழே சமையலறையில் நின்றோம். மேலே ஊசி சிரிக்கும் சத்தம் கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தால் அப்படிக் கேட்காது. நடுநடுவே அந்தக் 'கிர்'. அவர் விரல் விட்டு எண்ணினார். நான்கு. ஐந்து.

"நான் போய்ச் சொல்லிடறேன்" என்று படியில் கால் வைத்தார்.

"இப்பவா? ரெண்டும் எவ்வளவு சந்தோஷமா இருக்குதுங்க. இன்னைக்கு வேண்டாங்க" என்று நான் அவர் சட்டையைப் பிடித்தேன்.

அவர் நின்றுவிட்டார். பதினொன்றும் ஆனது. இறங்கி வந்த இரண்டு பெண்களுக்கும் கண் சிவந்திருந்தது. ஊசி என் முன்னால் பல் தெரியச் சிரித்துவிட்டுப் போனாள். நான் அவளைப் பார்த்துத் திருப்பிச் சிரித்தேன். எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. மறுநாள் காலை எதிர்வீட்டில் லாரி வந்து நின்றது. பத்து மணிக்கெல்லாம் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஸ்டூடியோவுக்குப் போனோம். வழியெல்லாம் சிட்டு பேசிக்கொண்டே வந்தாள். மாடியில் எடுத்த முதல் படத்தைப் பெரிதாகப் போட்டு ஊசிக்கு அனுப்ப வேண்டும், கேமராவை இன்றைக்கே வாங்கிவிட வேண்டும். இவர் வேர்த்து வழிந்துகொண்டு நடந்தார். ஒருவேளை ஒன்றும் ஆகியிருக்காது என்று ஒவ்வொரு கடையையும் தாண்டும்போது சொல்லிக்கொண்டேன்.

கழுவிய பிலிமைத் தூக்கிக்கொண்டு வந்த ஸ்டூடியோக்காரர் முகமே சரியில்லை. விளக்குப் பலகையில் விரித்தார். எல்லாம் கருத்துப் புகைந்துபோயிருந்தது. நடுவில் இருந்த சிலவற்றில் மட்டும் மங்கலாக ஆள் தெரிந்தது. தெரிந்த இடத்திலும் வட்ட வட்டமாக ஏதோ நிழல்.

"பின்மூடி திறந்திருக்கும். வெளிச்சம் பூந்துடுச்சு. முதல் தடவைல எல்லாருக்கும் நடக்கறதுதான் பாப்பா" என்றார்.

"நான் திறக்கலையே" என்றாள் சிட்டு. கொஞ்ச நேரம் பலகையையே பார்த்தாள். "திறந்துட்டேனோ என்னமோ. பையில போடறப்ப பட்டிருக்கும்." அப்புறம் குரல் இறங்கிப்போய், "எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுப்பா. கேமரா வேண்டாம். வாங்க, போலாம்" என்றாள்.

அந்த ஒரு நிமிடம் அவர் தப்பித்திருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் அவர் கையைப் பிடித்து அழுத்தினேன், பேசாதீர்கள் என்று. அவர் கையை உருவிக்கொண்டார்.

"நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. நான்தான். எக்ஸ்ரேல வெச்சுட்டேன். உள்ள சரியா இருக்கான்னு பாக்கறதுக்கு. அந்த நிழல் பல்சக்கரத்தோடது."

ஸ்டூடியோக்காரர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். சிட்டு குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கடைசித் துண்டைப் பார்த்தாள். ஊசியின் வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சக்கரம் இருந்தது.

"எப்ப?"

"புதன்கிழமை."

"வியாழக்கிழமை நாங்க மேல எடுக்கறப்ப நீங்க கீழதான இருந்தீங்க."

"சொல்ல வேண்டாம்னு நான்தான் தடுத்தேன்" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்பாவின் மேல் காட்டிய கோபம் அந்தப் பார்வையில் இல்லை. யாரோ தெரியாதவரைப் பார்ப்பதுபோல் இருந்தது.

"ரெண்டு பேருக்குமே தெரியுமா? சொல்லியிருந்தா ஓடிப்போய் இன்னொரு ரோல் வாங்கிட்டு வந்திருப்பேன். எட்டு மணி வரைக்கும் இந்தக் கடை திறந்துதான் இருக்கும்."

ஸ்டூடியோக்காரர் தன்னையறியாமல் தலையாட்டினார். மாடியிலிருந்து கடைக்கு ஏழு நிமிட நடை. அதுவரை நாங்கள் இருவரும் எது எதற்கோ பயந்தோமே தவிர, இந்தக் கணக்கைப் போட்டே பார்க்கவில்லை.

சிட்டு அழுவாள் என்று காத்திருந்தேன். அழவில்லை. பிலிம் துண்டுகளை ஒவ்வொன்றாக உறையில் போட்டாள்.

"அப்ப என் கை தப்பு இல்ல" என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல். பிறகு அப்பாவிடம் கையை நீட்டினாள். அவர் பர்ஸை அப்படியே கொடுத்தார். "நான் கேமரா பாக்கணும். நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க."

வெளியே வந்து நின்றோம். கண்ணாடிக் கதவில் வெயில் அடித்து உள்ளே ஒன்றும் தெரியவில்லை. "புதுசு எடுக்கறாளா, அதே பழசா?" என்று கேட்டார். "தெரியலங்க" என்றேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும்.

கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கையில் கடைப் பை. பள்ளிப் பையானாலும் காய்கறிப் பையானாலும் அவள் கையில் இருப்பதை அவர்தான் வாங்கிச் சுமப்பார், பிறந்ததிலிருந்து பழக்கம். அன்றைக்கும் கையை நீட்டினார். அவள் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நடந்தாள்.