நாளைய படப்பிடிப்புக்கு ஒரு காட்சி

ஒருவருடைய பழக்கத்தைச் சொல்லிப் பிறரைச் சிரிக்கவைக்கும் உரிமை நமக்கு உண்டா? இக்கேள்வியை எனக்குள் எழுப்பியவர், தொலைக்காட்சியில் நகைச்சுவை எழுதி நடித்த ஒருவர். லூபோக் சீனா தோட்டத்தில் ஒரே தொலைக்காட்சியின் முன் எங்கள் தொழிலாளர் குடியிருப்பான லயமே கூடிச் சிரித்தது அவருக்காகத்தான். பல ஆண்டுகள் கழித்து, கிளேபாங் சாலையோரக் கடையில், வழுக்கைத் தலையும் சட்டைப்பையில் சிறு நோட்டுமாக அவர் என்னெதிரே அமர்ந்தார்.

"நாளைக்கு ஷூட்டிங் தம்பி. இன்னும் ஒரு சீன் கிடைக்கலலா."

தோட்ட வேலையை விட்டுத் தெங்கேரா ஊருக்கு வந்த பின்னும், விடியலில் தோட்டத்து வருகைப்பதிவான பெரட்டுக்குப் பேர் கொடுப்பவரைப்போல் வாசலில் போய் நிற்கும் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். என் நண்பர்கள் எப்போதும் சிரிக்கும் கதை அது. அவரும் கண்ணில் நீர்வரச் சிரித்து, நோட்டைத் திறந்தார்.

"அப்பாவுக்குப் போன் போட்டுக் கேளுங்க. ஆளு சரின்னாதான் எழுதுவேன். எப்பவும் அப்படித்தான்."

போன் போட்டேன். அப்பா சொன்னார்: "வேணாம்லா. காலு தானா போய் நிக்குது. அத டிவில வேற காட்டணுமா?"

அதைச் சொன்னதும் நடிகர் நோட்டை மூடினார். "நல்ல சீனு. போகட்டும். அப்பாகிட்ட மன்னிச்சிக்கச் சொன்னேன்னு சொல்லுங்க."

அதன்பின் அக்கதையை நான் எவரிடமும் வேடிக்கையாகச் சொன்னதில்லை.