தூக்க முடியாத மாதங்கள்

என் மகளை நான் தூக்கியதைவிடப் பக்கத்து வீட்டு அக்கா தூக்கியதுதான் அதிகம். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்கு எரிச்சல் வருகிறது. அக்காமேல் இல்லை, என்மேல்தான்.

பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்ததும் குடியாத்தம் பக்கத்து அம்மா வீட்டிலிருந்து, என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஊரிகத்துக்கு வந்தேன். கிளம்புவதற்கு முதல் நாள் அம்மா வளையல்காரரைக் கூப்பிட்டு, கைக்கு ஒரு டஜனாக இரண்டு கையிலும் கண்ணாடி வளையல் போட்டுவிட்டாள். மாப்பிள்ளை தினமும் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர், பெண்ணின் கை நிறைந்திருக்கட்டும் என்பது அவள் கணக்கு. கழன்று விழக்கூடாது என்று சின்ன அளவாகப் பார்த்து அழுத்தி ஏற்றினார் வளையல்காரர். நானும் அழகாக இருக்கிறது என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். பத்தொன்பது வயதுப் புத்தி.

ஊரிகத்தில் எங்களுக்கு லைன் வீடு, சுரங்கக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டியதில் ஒன்று. மூங்கில் தட்டிச் சுவர், தகரக் கூரை, ஒரே அறை. அவருக்குத் தங்கச் சுரங்கத்தில் பகல் ஷிப்ட். காலையில் சங்கு ஊதினால் போவார், பிற்பகல் சங்குக்கு மண்ணும் வேர்வையுமாக வருவார். அதற்கு நடுவில் தண்ணீர்க் குடம், துணி, அடுப்பு, பிள்ளை எல்லாம் நான் ஒருத்தி. வந்த ஒரு மாதத்தில் வலக்கைப் பெருவிரலின் அடியில் ஒரு வலி பிடித்தது. அக்குளில் கை கொடுத்துப் பிள்ளையைத் தூக்கினால் போதும், மணிக்கட்டில் யாரோ ஊசி ஏற்றுவது போலிருக்கும். வலக்கைக்கு ஓய்வு கொடுக்கிறேன் என்று எல்லாவற்றையும் இடக்கையால் செய்தேன். அடுத்த மாதம் இடக்கையும் அதே பாட்டைப் பாடியது. இரண்டும் வீங்கின. வீங்கிய கையை வளையல்கள் கவ்விப் பிடித்துக்கொண்டன.

பக்கத்து வீட்டு அக்கா கிறிஸ்தவளாக மாறிய வேதக்காரி. அவள் புருஷனும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். அவள் என் கையைப் பார்த்ததுமே சொன்னாள்:

"வளையலக் கழட்டு தங்கச்சி. புளியும் உப்பும் காய்ச்சிப் பத்துப் போட்டு, அசையாம இறுக்கிக் கட்டணும். இது மேல எப்படிக் கட்டறது?"

அதுதான் என்னால் முடியாது. எங்கள் வரிசைப் பெண்களிடம் ஒரு கட்டுப்பாடு இருந்தது. புருஷன் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி ஷாப்ட் குழிக்குள் இறங்கினால், மேலே வருகிறவரை பெண்டாட்டியின் கை வெறுங்கையாக இருக்கக்கூடாது. தாலி அறுத்தவளுக்குத்தான் வெறுங்கை. அவர் மண்ணுக்கடியில் இருக்கும் நேரத்தில் நாமே அந்தக் கோலத்தில் நிற்பதா? அவர் வீட்டில் இருக்கும்போது கழற்றி மறுபடி போடலாம் என்றால், ஒரு தரம் கழற்றினால் வீங்கிய கையில் வளையல் திரும்ப ஏறாது. உடைத்து எடுப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை; வளையலை எப்போது உடைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

"நான் ஞானஸ்நானம் வாங்கின நாள்லேர்ந்து கையில வளையல் இல்ல," என்றாள் அக்கா. "எங்க ஊட்டுக்காரரு தெனம் கீழ போறாரு, தெனம் மேல வந்துகினுதான் கீறாரு."

"உங்க சாமி வேற, எங்க சாமி வேறக்கா."

"சாமி வேற, சரி. ஷாப்ட் ஒண்ணுதான?"

ஆனாலும் நான் கழற்றவில்லை. அந்த நாளில் என் பிடிவாதத்துக்கு முன்னால் கழுதை தோற்கும்.

பெருவிரலைத் தொடாமல் பிள்ளை வளர்ப்பதை ஒரு வித்தையாகவே பழகினேன். தூளியைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இறக்கிக் கட்டினேன். அவளை அதிலிருந்து எடுக்கமாட்டேன். துணியைச் சாய்த்து மடிக்கு உருட்டிக்கொள்வேன். பால் கொடுக்கும்போது முழங்கைக்கடியில் பழைய புடவையை மடித்து வைப்பேன். கடைக்குப் போனால் இன்னொரு புடவையில் முதுகோடு கட்டிக்கொள்வேன், அதையும் அக்காதான் வந்து முடிச்சுப் போட வேண்டும். காலில் கிடத்திக் குளிப்பாட்டும்போது பிள்ளையைக் குப்புறத் திருப்ப அக்கா வேண்டும். அழுதால் தூக்கி நடக்க அக்கா வேண்டும். அவள் இடுப்பில் என் மகள் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். உதவி செய்கிறவள்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் எரியும்.

ஏழாம் மாதத்தில் மகள் கை நீட்டக் கற்றுக்கொண்டாள். உட்கார்ந்தபடி இரண்டு கையையும் மேலே தூக்கி, என்னைப் பார்த்து, தூக்கு என்பாள் வாயில்லாமல். நான் நின்றுகொண்டிருந்தால் உடனே அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடியைக் காட்டுவேன். மடி வேண்டாம் அவளுக்கு, உயரம் வேண்டும். ஒரு நாள் காலை மனசு கேட்காமல் தூக்கிவிட்டேன். மார்பு உயரம் வருவதற்குள் பெருவிரல் விட்டுவிட்டது. அவள் வழுக்கிக்கொண்டு போய்த் துவைக்கப் போட்டிருந்த துணிக் குவியலில் விழுந்தாள். அடி ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு நான் தூக்க முயலவே இல்லை.

சில வாரம் போயிருக்கும். ஒரு பிற்பகல் நானும் அக்காவும் வாசலில் நின்றோம். மகள் தவழ்ந்து வந்தாள். என் காலைத் தாண்டிப் போய் அக்காவைப் பார்த்துக் கை நீட்டினாள். என் பக்கம் ஒரு தரம் திரும்பக்கூட இல்லை. இவளால் ஆகாது என்று பிள்ளைக்கே தெரிந்துவிட்டது.

ஷிப்ட் விட்டு அவர் வந்தபோது நான் அடுப்புப் பற்ற வைக்காமல் அழுதுகொண்டிருந்தேன்.

"இன்னாமே ஆச்சு?"

சொன்னேன். இத்தனை நாள் சொல்லாததையும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம்கூடக் கழுவவில்லை. விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார்.

"வேணாங்க. நாளைக்குக் கீழ போவணுமே நீங்க."

"போவேன். எனக்காவதான போட்டுகினு கீற? நானே கழட்டறேன். கையக் கொடு."

ஒன்றுகூட உடையாமல் இருபத்துநாலு வளையலையும் எண்ணெயில் நனைத்து நகர்த்தி எடுத்தார். வலியில் நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். மறுநாள் பகல் முழுக்கக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு சங்குக்காகக் காத்திருந்தேன். அவர் வாசலுக்கு வந்ததும், "பாத்துக்கோ, முழுசாத்தான் கீறேன்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்கா தட்டிச் சுவரிலிருந்து இரண்டு மூங்கில் சிம்பு உருவி, பற்றுப் போட்டு, மணிக்கட்டு அசையாமல் கட்டினாள். இரண்டு மாதம் கைக் கட்டோடு இருந்தேன். இவ்வளவுதான் வைத்தியம். இதை நான்காம் மாதமே செய்திருக்கலாம் என்ற நினைப்பு இன்னும் என்னை அறுக்கிறது. இந்த மகளுக்குப் பிறகு எனக்குப் பிள்ளை தங்கவில்லை.

கட்டு அவிழ்த்த நாள், பெருவிரலை மடக்கி நீட்டிப் பார்த்தேன். வலி இல்லை. அவள் தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஒரு வாரமாக நடக்க ஆரம்பித்திருந்தாள். ஓடிப்போய் அக்குளில் கை கொடுத்து, தலைக்கு மேலே உயர்த்தி, தோளில் சாய்த்துக்கொண்டேன். எவ்வளவு கனத்திருந்தாள்! அவள் முதுகை வளைத்தாள், என் நெஞ்சில் கை ஊன்றித் தள்ளினாள், காலை உதைத்தாள். அழவில்லை, கோபமும் இல்லை. அவளுக்குத் தரை வேண்டியிருந்தது, நடக்க வேண்டியிருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பிடித்துப் பார்த்தேன். பிறகு இறக்கிவிட்டேன்.