குண்டானில் விட்ட மீன்

ராயபுரத்தில் நாங்கள் இருந்த ஒண்டுக்குடித்தனத்தில் மீன் சமைக்காத வீடு கிடையாது. அங்கே என் வீட்டுக்காரர் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு சிவப்பு மீனைக் கண்ணாடி ஜாடியில் விட்டு வளர்ப்பதற்காக எடுத்துவந்தார். குழம்பு வைக்கிற சாமானுக்குத் தீனி போடுகிறீர்களா என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எங்கள் பெண்குழந்தை செத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

பதினோரு மாதக் குழந்தை. வயிறு ஊதி, கண் மஞ்சளாகி, கடைசியில் பாலையும் வேண்டாமென்று தள்ளினாள். ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஏன் கெட்டது என்று கேட்டேன். சில குழந்தைகளுக்கு அப்படி வரும் என்றார்கள். நான் அழவில்லை. சோறு வடித்தேன், துணி துவைத்தேன், மீனுக்குப் பொரியை நொறுக்கிப் போட்டேன். அவர் துறைமுகத்து வேலை முடிந்து வந்ததும் நேரே ஜாடிக்கு முன்னால்தான் உட்காருவார்.

ஒருநாள் கழுவும்போது ஜாடி விரிசல் விட்டது. வேறு ஜாடி வரும்வரை மீனைப் பித்தளைக் குண்டானில் விட்டேன். குழந்தைக்குப் பால் காய்ச்சிய குண்டான் அது. அவள் போனபின் அலமாரியிலிருந்து எடுக்கவேயில்லை. புளி போட்டுத் தேய்த்துத்தான் தண்ணீர் ஊற்றினேன். அதைவிடச் சுத்தமான ஏனம் எங்கள் வீட்டில் இல்லை.

இரண்டாம் நாள் காலையில் மீன் மல்லாந்து மிதந்தது.

ஏன் செத்தது என்று தெரியாமல் விடுவதில்லை என்று ஒரு வெறி பிடித்துக்கொண்டது எனக்கு. குழந்தைக்கு யாரும் காரணம் சொல்லவில்லை, மீனுக்காவது சொல்லட்டும். முதலில் பக்கத்து வீட்டுக்காரிமேல் பாய்ந்தேன். உன் கழுநீர் தெறித்திருக்கும், அலுமினியச் சட்டியில் பொங்கித் தின்கிறவளுக்குச் சுத்தம் எங்கே தெரியும் என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவள் உள்ளே போய்விட்டாள். பிறகு ரயிலடிக் கரித்தூளைச் சொன்னேன். குழாய்த் தண்ணீரைச் சொன்னேன். முதல் நாளிலிருந்து அதே தூள்தான், அதே தண்ணீர்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மீன் விற்ற பாயிடம் கேட்டுவரப் போனார். திரும்பி வர வெகுநேரம் ஆனது. அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருந்தார்.

"பித்தளைதான் காரணமாம்மே. ஈயம் பூசாத ஏனத்துல வுட்டா மீனு தாங்காதாம். களிம்பு தண்ணில எறங்கிடுமாம்."

தெருவில் ஈயம் பூசுகிறவர் கூவும்போதெல்லாம் மற்றவர்கள் பாத்திரம் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள். நான் அந்தக் குண்டானைக் கொடுத்ததே இல்லை. பழைய ஈயத்தையும் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தே எடுத்திருந்தேன். உள்ளே வெளியே எல்லாம் தங்கமாக மின்ன வேண்டும் எனக்கு. புளியும் மோரும் ஊற்றினால்தான் களிம்பு ஏறும், பாலுக்கு என்ன வரப்போகிறது என்று இருந்துவிட்டேன். எனக்குப் பால் வற்றியதால் மூன்றாம் மாதத்திலிருந்து அவளுக்கு மாட்டுப்பால்தான்.

"பாப்பாவுக்குப் பாலு காச்சினதும் அதுலதானேயா?" என்றேன்.

"பாய் மீனைப் பத்திதாம்மே சொன்னாரு."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வழியெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். எந்த டாக்டரிடமும் நாங்கள் போய்க் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம்.

அடுத்த வாரம் ஈயம் பூசுகிறவர் வந்தபோது என் வீட்டுக்காரரே குண்டானை எடுத்துப் போனார். உள்ளே வெள்ளைவெளேரென்று திரும்பி வந்தது. இப்போது எதற்கு என்று கேட்டேன். இருக்கட்டும் என்று அலமாரியில் வைத்தார். நானும் விட்டுவிட்டேன்.

இரண்டு வருஷம் கழித்துப் பையன் பிறந்தான். நாலாம் மாதம் மாட்டுப்பால் கொடுக்க வேண்டிவந்தபோது, பக்கத்து வீட்டுக்காரியிடம் போய், திட்டிய அதே வாயால் ஒரு அலுமினியச் சட்டி கேட்டேன். வீட்டில்தான் ஈயம் பூசிய குண்டான் இருக்கிறதே, இது எதற்கு என்றாள். அதில் மீன் செத்துப்போனது என்றேன்.