ஆண் ஆசிரியர் கணக்கில் இரண்டு பட்டைகள்

1. பிரிண்டுக்குப் போகுமுன்

"மலேசியா பட்டை உச்சிக்குப் போகுது, நம்ம பட்டை தரையில கெடக்கு. இதான் வேணும். கைய வெக்காத," என்றார் பாஸ்.

சிராங்கூன் சாலைப் பக்கம், மளிகைக் கடைக்கு மேலே இருக்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. கண்காட்சிகளுக்குப் பட்டை வரைபடம் மாதிரியான புள்ளிவிவரப் படங்கள் செய்து தருகிறோம். எண்களைத் திரட்டுவது நான், வரைவது தினேஷ். அந்த முறை வாடிக்கையாளர் ஒரு டியூஷன் நிலையம். உயர்நிலைப் பள்ளிகளில் ஆண் ஆசிரியர்கள் எத்தனை பேர் என்று மலேசியாவையும் நம் நாட்டையும் ஒப்பிட வேண்டும். தலைப்பை அவர்களே கொடுத்துவிட்டார்கள்: 'நம் பையன்களுக்கு ஆண் ஆசிரியர் எங்கே?'

எனக்கு அப்போதே பற்றிக்கொண்டு வந்தது. மலேசிய மக்கள்தொகை நம்முடையதைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல். பட்டை உயராமல் என்ன செய்யும்? போதாததற்கு, அங்கே பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவ ஆசிரியர்களில் பலர் பள்ளிக் கணக்கிலேயே வருவார்கள். இங்கே அதே வகுப்புகளை எடுக்கும் ஜேசி, அதாவது தொடக்கக் கல்லூரி, ஆசிரியர்கள் தனிக் கணக்கு.

"தலைய எண்ணக் கூடாது பாஸ். பத்து டீச்சர்ல எத்தனை பேர் ஆம்பளைன்னு போடணும். அப்படிப் போட்டா ரெண்டு பட்டையும் கிட்டத்தட்ட ஒரே உயரம்."

"ஒரே உயரமா இருந்தா எவன் நின்னு பாப்பான்? எண்ணுல பொய் இருக்கா? இல்லல்ல? அப்புறம் என்ன லா."

இந்தத் தொழிலில் என்னை அதிகம் கொதிக்க வைக்கும் வாக்கியம் இதுதான்.

தினேஷ் தலையைத் தூக்காமல் நிறம் போட்டுக்கொண்டிருந்தான். அவனுக்கு ஆசிரியர் பயிற்சியில் இடம் கிடைத்திருந்தது. படிப்புச் செலவை அரசு ஏற்பதால் ஒப்பந்தத்தில் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டிய அப்பாதான் மறுத்துக்கொண்டிருந்தார்.

"நீயாச்சும் சொல்லேன் டா," என்றேன்.

"எனக்கு இங்க இது கடைசி மாசம். சண்டை வேணாம்."

2. மாட்டிய பிறகு

புக்கிட் மேராவில் ஒரு சமூக மன்றத்தில் கண்காட்சி; படம் பாஸ் சொன்னபடியேதான் மாட்டியிருந்தது. தினேஷின் அப்பா பஸ் ஓட்டுநர். ஷிஃப்ட் முடிந்து சீருடையோடு வந்தவர், எங்கள் படத்தின் முன் நெடுநேரம் நின்றார்.

"பாத்தியா? நம்ம ஊர்ல ஆம்பளை எவனும் இந்த வேலைக்குப் போறதில்ல. நீ மட்டும் போய் என்னத்த கிழிக்கப் போற? நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

நான் குறுக்கே புகுந்தேன்.

"படம் தப்பு அங்கிள். அது பெரிய நாடு. அங்க ஆம்பளை டீச்சரும் நிறைய, பொம்பளை டீச்சரும் நிறைய. பஸ் ஓட்டுறவங்களும் நிறைய. அதுக்காக நம்ம ஊர்ல பஸ் ஓட்ட ஆளே இல்லன்னு போஸ்டர் அடிக்கலாமா?"

டியூஷன் நிலையக்காரரோடு நின்றிருந்த பாஸ் என்னை முறைத்தார். அங்கிள் மறுபடியும் படத்தைப் பார்த்தார். பிறகு மகனிடம் திரும்பினார்.

"இத வரைஞ்சது யாரு?"

"நான்தான் பா."

"தப்புன்னு தெரியுமா?"

"தெரியும். பாஸ் இப்படித்தான் போடச் சொன்னாங்க."

"நாளைக்குப் பிள்ளைங்களுக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுப்பியா? மேல இருக்கவன் சொன்னான்னு?"

தினேஷின் முகம் காது வரைக்கும் சிவந்தது. நேராகப் போய்ப் படத்தைக் கழற்றிச் சுருட்டினான்.

"கீழ வை," என்றார் பாஸ்.

"மாத்தி வரைஞ்சு எடுத்துட்டு வர்றேன் பாஸ். அதுவரைக்கும் சுவரு காலியாவே இருக்கட்டும்."

அதைப் பார்த்த பிறகு அவன் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டார். வாடிக்கையாளர் போனது என்னால்தான் என்று பாஸ் இன்றும் சொல்கிறார். சொல்லட்டும்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. 'எத்தனை பேர்' என்று யாராவது ஒரு எண்ணைக் கொடுத்தால், 'எத்தனை பேரில்' என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் பிரிண்டுக்கு அனுப்பாதீர்கள், யார் கத்தினாலும் சரி. மாட்டிய படத்துக்குப் பக்கத்தில் விளக்கம் சொல்ல நாம் எப்போதும் நிற்பதில்லை. அன்று தற்செயலாக நின்றேன். நான் வருமுன் எத்தனை அப்பாக்கள் அதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்களோ, தெரியாது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.