பாஸ் ஆகாத குதிகால்

காலையில் கண் விழித்ததும் சிலர் உள்ளங்கையைப் பார்ப்பார்கள், சிலர் சாமி படத்தைப் பார்ப்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன்பு நான் என் இடது குதிகாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் ஒன்றும் தெரியாது. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை, ரொம்ப நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். தரையில் வைத்தால்தான் அதன் குணம் தெரியும். முதல் அடி ஆணியை மிதித்த மாதிரி. இரண்டாவது அடியும் அப்படியே. கட்டிலிலிருந்து குளியலறைக்கு ஒன்பது அடி. சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் போவேன். கொஞ்ச நேரம் நடந்தால் வலி தணியும். உடனே, எல்லாம் சரியாகிவிட்டது என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவேன்.

எங்கள் வீடு வல்லக்கோட்டைக்குப் பக்கம். வேலை ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில். போனுக்கும் காருக்கும் உள்ளே போகிற பச்சை போர்டுகளை அங்கே செய்கிறோம். லைனின் கடைசியில் நின்று, பூதக்கண்ணாடி வழியாக ஒவ்வொரு போர்டையும் பார்ப்பது என் வேலை. ஈயம் சரியாகப் பிடிக்காத இடம் மயிரிழை அளவு இருந்தாலும் என் கண்ணில் மாட்டிவிடும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஆனால் எல்லாம் நின்றபடிதான். எட்டு மணி நேரம். ஓ.டி. இருந்தால் பன்னிரண்டு.

ஆறு வருடமாகக் காண்ட்ராக்ட். அந்த வருடம்தான் காண்ட்ராக்ட் பெண்களில் சிலரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், நாலைந்து மாதத்தில் பட்டியல் ஒட்டுவார்கள் என்று பேச்சு வந்தது. லீவு போட்டவள், மெடிக்கல் ரூமுக்குப் போனவள் பெயர் அதில் வராது என்றும் கேன்டீனில் பேசிக்கொண்டார்கள். யார் முதலில் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, ஆனால் எல்லோரும் நம்பினோம். என் குதிகாலும் அதே சமயம் பார்த்துத்தான் ஆரம்பித்தது. என் நேரம், வேறென்ன சொல்ல.

அதனால் மறைத்தேன். பஸ்ஸிலிருந்து கடைசி ஆளாக இறங்குவேன், நொண்டுவதை யாரும் பார்க்கக்கூடாது என்று. லைனில் மேசைக்கு அடியில் உள்ள கம்பியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொள்வேன். சூப்பர்வைசர் இந்தப் பக்கம் வந்தால் சட்டென்று இறக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு காலில் நிற்பேன். ஆறு வருடம் உழைத்து வாங்க வேண்டிய இடம் ஒரு குதிகாலால் போய்விடுமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

வீட்டில் மறைக்க முடியவில்லை. என் கணவர் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய வண்டியில் வந்த யாரோ ஒரு அம்மா, இது குதிவாதம் என்று சொல்லியிருக்கிறாள். குதி அவர் காதில் விழவில்லை, வாதம் மட்டும் விழுந்திருக்கிறது. அவருடைய அப்பா பக்கவாதத்தில் இரண்டு வருடம் படுத்துக் கிடந்தவர். மனிதர் முகம் செத்துப்போய் வீட்டுக்கு வந்தார். அன்றே வைத்தியம் ஆரம்பமானது. செங்கல்லை அடுப்பில் சுட வைத்து, மேலே எருக்க இலையைப் போட்டு, அதில் என் குதிகாலை அழுத்தினார். சூடு இதமாகத்தான் இருந்தது. நான்காம் நாள் இலையை வைக்க மறந்துவிட்டார். கொப்புளம் வந்தது. வலி போதாதென்று புண்ணும் சேர்ந்ததில் நான் அவரைத் திட்டிய திட்டு பக்கத்து வீடு வரை கேட்டது. பிறகு அவர் உட்கார்ந்து கொப்புளத்துக்கு மருந்து போட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

புண் ஆறியதும் நானே மருந்துக்கடைக்குப் போய் சிலிக்கான் குதிகால் மெத்தை ஒரு ஜோடி வாங்கினேன். நீல நிறம், கொழகொழவென்று ஜெல்லி மாதிரி. கம்பெனி செருப்புக்குள் வைத்து வீட்டு வாசலில் நடந்து பார்த்தேன். சொர்க்கம்தான். இத்தனை நாள் இது தெரியாமல் செங்கல்லில் வெந்தோமே என்று இருந்தது.

அங்கேதான் நான் கோட்டை விட்டேன். எங்கள் லைனுக்குள் அப்படியே நுழைய முடியாது. நம் உடம்பில் இருக்கிற துளி மின்சாரம் தொட்டால்கூட போர்டு செத்துவிடும். அந்த மின்சாரம் கால் வழியாகத் தரைக்கு இறங்கத்தான் கம்பெனி செருப்பு. வாசலில் ஒரு இரும்புத் தகட்டில் ஏறி நின்று பொத்தானில் விரல் வைக்க வேண்டும். பச்சை எரிந்தால் பாஸ், கதவு திறக்கும். சிவப்பு எரிந்தால் கத்தும். ஆறு வருடமாகத் தினமும் ஏறி நிற்கிற தகடு. ரப்பர் மாதிரி ஒன்றைக் காலுக்கும் செருப்புக்கும் நடுவில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். வலி யோசிக்க விடவில்லை.

மறுநாள் காலை ஏறி நின்றேன். சிவப்பு. விரலை ஈரப்படுத்திக்கொண்டு மறுபடி வைத்தேன். சிவப்பு. பின்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், இது கத்திக்கொண்டே இருக்கிறது. சூப்பர்வைசர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தார், என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். செருப்பைக் கழற்றச் சொன்னார். உள்ளே இருந்த நீல மெத்தையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

"ரப்பர வச்சா கரென்ட் எப்படிக்கா தரைக்குப் போவும்?" என்றார். அப்புறம் குரலைத் தணித்து, "எத்தன நாளா வலிக்கி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. ரெண்டு மாசமா, என்றேன். மெத்தையை எடுத்ததும் பச்சை எரிந்தது. அன்று முழுவதும் போர்டைப் பார்த்தேனே தவிர, மனம் பட்டியலில்தான் இருந்தது. போயிற்று, எல்லாம் போயிற்று.

ஷிப்ட் முடிகிற நேரத்தில் கூப்பிட்டார். கையில் மெடிக்கல் ரூம் சீட்டு, எழுதியே வைத்திருந்தார். நான் வாங்கவில்லை. பேரு போயிடும் சார், என்றேன். அவர் முழித்தார். எந்தப் பேர் என்று கேட்டார். கேன்டீன் பேச்சைச் சொன்னேன்.

"அப்படி யாருமே சொல்லலியேக்கா. நீங்க முன்னமே சொல்லிருக்கலாம்லா" என்றார். கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. நின்று வேலை செய்பவர்கள் காலடியில் போடுகிற மெத்துமெத்தென்ற பாய், மின்சாரத்தைத் தரைக்கு விடுகிற வகை, ஸ்டோரில் சும்மா கிடக்கிறதாம். தடித்த அடியுள்ள கம்பெனி ஷூவும் உண்டாம். கேட்டால் கொடுப்பார்களாம். யாரும் கேட்டதே இல்லையாம்.

மெடிக்கல் ரூமிலிருந்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல் வரை போகிற நார் ஒன்று நொந்துபோயிருக்கிறது என்றார் டாக்டர். பிசியோதெரபி அம்மாதான் மற்றதைச் சொல்லிக்கொடுத்தார். காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன், துப்பட்டாவைக் கால்விரல்களில் மாட்டி என் பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். சுவரில் கை ஊன்றி, பின்னங்காலை நீட்டி, கெண்டைக்காலை இழுக்க வேண்டும். தண்ணீர் பாட்டிலை ஐஸாக்கி, பாதத்துக்கு அடியில் உருட்ட வேண்டும். ஒரு வாரத்தில் போய்விடாது, மாதக்கணக்காகும், விடாமல் செய்தால் போகும் என்றார். கம்பெனிக்கு ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுத்த காகிதத்தை பஸ்ஸில் நாலு தடவை படித்தேன். பாயும் ஷூவும் கொடுத்தால் வேலை செய்யத் தகுதியானவர் என்று எழுதியிருந்தது.

டாக்டர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். வீட்டிலும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது, மெத்தென்ற செருப்பு போட வேண்டும். இதுதான் எங்கள் வீட்டில் பெரிய பிரச்சினை. கிருத்திகை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிற மனிதர் என் கணவர். செருப்பு வாசற்படியைத் தாண்டியதே கிடையாது. நானும் கேட்கவில்லை. டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லிவிட்டு, பருப்பைக் கடைய ஆரம்பித்தேன். இரண்டு நாள் கழித்து ஒரு பையோடு வந்தார். உள்ளே புதுச் செருப்பு. கிணற்றடியில் அதைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, துண்டால் துடைத்து, கையில் தூக்கிக்கொண்டே வந்து அடுப்பங்கரையில் என் காலடியில் வைத்தார்.

"இது தெருவே பாத்ததில்ல. வூட்டோட கீது. நீ போட்டுக்கோ" என்றார். சாமி மாடம் இருக்கிற அறைக்கு மட்டும் வேண்டாம் என்றார். போட்டுக்கொண்டு அடுப்பங்கரையில் இரண்டு அடி நடந்து காட்டினேன்.

லைனில் என் இடத்தில் கறுப்புப் பாய் போட்ட அன்று எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எல்லோரும் பார்ப்பார்கள் என்று பயந்தேன். பார்க்கவும் செய்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அடுத்த இடத்தில் நிற்பவள் வந்து, "அக்கா, அத்த இன்னான்னு கேட்டு வாங்கினீங்க?" என்றாள். அவளுக்கும் குதிகால்தான். எதிர் மேசைக்காரிக்கும். எட்டுப் பேர் நிற்கிற லைனில் ஐந்து பேர் மேசைக்கு அடியில் ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அடக் கடவுளே என்று சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறிவிட்டது. மறுவாரம் ஐந்து பாய்.

வலி ஒரே நாளில் போகவில்லை. இரண்டு வாரம் நன்றாக இருக்கும், ஓ.டி. பார்த்தால் திரும்பி வரும். துப்பட்டாவை வீசி எறிந்த காலைகளும் உண்டு. குளியலறைக்குப் போகிற ஒன்பது அடியில் ஐந்து வலித்தது, பிறகு மூன்று, பிறகு ஒன்று.

பட்டியல் ஒட்டிய அன்று பஸ் நின்றதும் முதல் ஆளாக இறங்கினேன். எங்கள் ஐந்து பேரில் நான்கு பெயர் இருந்தது. சேர்ந்து ஒரு வருடமே ஆன ஐந்தாமவளுக்கு அடுத்த முறை என்றார்கள். என் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தேன். என்னைக் கட்டிப்பிடித்த பக்கத்து இடக்காரி, "இன்னாக்கா இந்த ஓட்டம் ஓடியாந்தீங்க, கால் வலிக்கலியா?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று காலை கட்டிலை விட்டு இறங்கியபோது நான் குதிகாலைப் பார்க்கவே இல்லை.