பிளாஸ்திரி ஒட்டிய பட்டியல்

அப்பா லாரி, சித்தப்பா டாக்சி, அண்ணன் பஸ் என்று வண்டியோடே பிறந்த குடும்பம் அது. பெரியப்பாவும் லாரிதான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே ஒருநாள் கண்ணயர்ந்து, ஒரு காலை ரோட்டோடு விட்டுவிட்டு வந்தவர். அந்த வீட்டில் டாக்டருக்குப் படித்த முதல் ஆள் கடைக்குட்டிப் பெண். பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டராக இருந்தாள். ஆள் பொடிசு, நடையோ ஓட்டம். அதனால் வார்டில் அவளுக்குக் குருவி என்றே பேர்.

ஒரு வியாழக்கிழமை வேலை முடிந்து வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நாற்காலியில் விழுந்தாள்.

"என்ன டாக்டரம்மா, வீட்டுக்கு வழி ஞாபகம் இருந்துச்சா?" என்றான் அண்ணன்.

"சும்மா இருண்ணா. இன்னைக்கு ஒரு குழந்தைக்கு மருந்தைப் பத்து மடங்கா எழுதிட்டேன். மருந்து குடுக்குற அக்கா பாத்து நிறுத்தினதால தப்பிச்சுது."

அண்ணனுக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. "எத்தனை நாளா லீவு இல்லாம போற?"

"பத்து."

"ஏழு நாளுக்கு மேல போனா டிப்போல எனக்குச் சாவியே தர மாட்டான். உன் கையில ஊசியக் குடுத்து அனுப்புறாங்களா?"

அந்தக் கேள்வி அவளைக் குடைந்தது. சேர்ந்த அன்று படிக்காமல் கையெழுத்துப் போட்டு வாங்கிய விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தாள். அதில் பளிச்சென்று இருந்தது: தொடர்ந்து ஏழு நாளுக்கு மேல் எவரையும் வேலைக்குப் போடக் கூடாது.

மறுநாள் காலையில் நேராக அறிவிப்புப் பலகைக்குப் போனாள். திங்கள் முதல் ஞாயிறு வரை வாரத்துக்கு ஒரு தாள், அதில் ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு. அவளுக்கு இந்த வாரம் ஞாயிறு. இந்தத் தாளுக்கு அடியில், அதே குண்டூசியில், போன வாரத் தாள் இருந்தது. அதில் அவளுக்குத் திங்கள். இரண்டையும் உருவி, வார்டு பிளாஸ்திரியால் ஓரத்தோடு ஓரம் ஒட்டினாள். எண்ணிப் பார்த்தாள். இரண்டு ஓய்வுக்கும் நடுவில் பன்னிரண்டு நாள் வேலை.

கூட வேலை பார்த்தவன் பதறினான். "வாயத் திறக்காத குருவி! மாசக் கடைசில பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்டாத்தான் பயிற்சி முடியும். இல்லன்னா ஒரு வருஷம் போயிடும்."

ஆனாலும் ஒட்டிய தாளோடு பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

பெரிய டாக்டர் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "நாங்க முப்பது நாள் சேர்ந்தாப்புல நின்னவங்கம்மா. செத்தா போயிட்டோம்?"

"நீங்க சாகல சார். நேத்து என் கையால ஒரு குழந்தை போயிருக்கும்." நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் பட்டியல் போடும் குமாஸ்தாவைக் கூப்பிட்டார். அடிக்கோல் வைத்துக் கோடு போடுகிற மனிதர் அவர், ஒரு எழுத்துப் பிசகாது.

"வாரத்துக்கு ஒரு ஓய்வு குடுத்திருக்கேனே சார்?" என்றபடி தாளில் விரலை ஓட்டினார். பிளாஸ்திரியைத் தாண்டியும் விரல் ஓடிக்கொண்டே இருந்தது. முகம் சுண்டிவிட்டது. "இருபது வருஷமா ஒவ்வொரு தாளாத்தான் சார் பாத்திருக்கேன்."

பெரிய டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பன்னிரண்டு நாளையும் தானே எண்ணினார். பிறகு, "நீ வீட்டுக்குப் போய்த் தூங்கும்மா. உன் வார்ட நான் பாக்குறேன்" என்றார். சொன்னபடியே அன்று அவரே வார்டில் நின்றார். அடுத்த வாரத்திலிருந்து முடிந்த வாரமும் வரும் வாரமும் ஒரே தாளில் வந்தன; எவருக்கும் ஏழு நாளைத் தாண்டவில்லை.

கையெழுத்து என்ன ஆகுமோ என்று மாசக் கடைசி வரை அவளுக்குத் திக்திக்கென்று இருந்தது. படிவம் வந்தது. கையெழுத்து இருந்தது. அதற்கு மேலே, எப்போதும் காலியாகவே விடும் கட்டத்தில், ஒரு வரியும் இருந்தது. வீட்டில் எல்லோரும் கூடி உட்கார, சத்தமாகப் படித்தாள்: "தன் தவறைத் தானே வந்து சொன்னவர். இவர் கையில் என் பிள்ளையையும் ஒப்படைப்பேன்."

அண்ணன் விசிலடித்தான். பெரியப்பா மட்டும் ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவ படிம்மா. நிறுத்திப் படி."